வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி நம் ஊருக்கு ஒத்துவருமா?

கேட்டவர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் தனியார் பள்ளியில். ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் வீட்டுப் பிள்ளைகள் வாரத்தில் நான்கு நாள்தான் பள்ளிக்குப் போகிறார்கள், அமெரிக்காவிலும் பல ஊர்களில் அப்படித்தானாம், நம் பிள்ளைகள் மட்டும் சனிக்கிழமையும் ஏன் பை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நாமும் நான்கு நாளுக்கு மாறினால் என்ன என்று கேட்கிறார்.

என்னைக் கேட்டால் நான்கு நாள் வேண்டாம். ஆனால் உங்கள் சனிக்கிழமை உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நியாயமான அந்த இரண்டாவது கோரிக்கையும் கைக்கு வராது. கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். வாரத்துக்கு நான்கு நாள் என்று வைத்து 220-ஐ வகுத்துப் பாருங்கள், 55 வாரம் வருகிறது. வருஷத்தில் இருப்பதே 52 வாரம். தொடக்கப் பள்ளிக்கு 50 வாரம் வரும், அதாவது கோடை, தீபாவளி, பொங்கல், காலாண்டு, அரையாண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டே வாரம் லீவு. ஆக, இன்றைய நிலையில் எட்டாம் வகுப்பு வரை இது நடக்கிற காரியமில்லை. (இருக்கிற 220-க்கே இழுபறிதான். தமிழ்நாட்டில் 2024-25-க்கு 220 நாள் என்று நாட்காட்டி போட்டு, ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததும் 210 ஆக்கினார்கள்.)

சட்டம் இருக்கிறது என்பதோடு பேச்சை முடித்துவிட முடியாது. அந்த அட்டவணையை மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலமாகவே திருத்தலாம், 20-ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எனவே நாள் கணக்கைக் குறைத்து, மணிக் கணக்கை மட்டும் அப்படியே வைப்பதாக நினைத்துக்கொள்வோம். இப்போது 1000 மணியை 220 நாளில் முடிக்க, ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம் சுத்தமான பாடம் போதும். கோடை விடுமுறை போக 44 வாரம் பள்ளி நடந்தால், நான்கு நாள் வாரத்தில் 176 நாட்கள் கிடைக்கும். பண்டிகை லீவைக்கூட இதில் கழிக்கவில்லை. அப்போது ஒரு நாளைக்கு ஐந்து மணி நாற்பது நிமிடம் பாடம் நடத்தியாக வேண்டும். பிரேயர், இன்டர்வெல், மதியச் சாப்பாடு எல்லாம் இதற்கு மேலே. நாலேகாலுக்கு விடுகிற பள்ளி ஐந்தரைக்குத்தான் விடும்.

நவம்பர் மாதம் கடலூரில் 5:40 வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். குறிஞ்சிப்பாடியிலோ பாகூரிலோ படிக்கும் பிள்ளை, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி, உள்ளே இருக்கும் கிராமத்துக்கு நடக்க வேண்டும். இருட்டில் வர வேண்டியிருந்தால் பெண் பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது போகட்டும், எட்டாவது பீரியடில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்கள் எல்லாம் வாசலில் இருக்கும். அதற்கு மேலும் ஒரு பீரியட் நீட்டிப் பின்னம் நடத்தினால் என்ன ஏறும்? ‘மணி அதே மணிதான், நாள்தான் குறைகிறது’ என்று தாளில் எழுதிவிடலாம். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஐந்தாவது மணி நேரமும் இரண்டாவது மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது.

இதை உலகத்திலேயே அதிகமாக ஆராய்ந்து, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்த நாடு பிரான்ஸ். புதுச்சேரிக்காரருக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே 1882-இல், ஜூல் ஃபெரி கல்வி அமைச்சராக இருந்த காலத்துச் சட்டம், ஞாயிற்றுக்கிழமை தவிர வாரத்தில் இன்னொரு நாளும் பள்ளிக்கு விடுமுறை விடச் சொன்னது. அரசுப் பள்ளியில் மதபோதனை கிடையாது, வேண்டியவர்கள் அந்த நாளில் வெளியே கற்றுக்கொள்ளட்டும் என்பது காரணம். நீண்ட காலம் அது வியாழக்கிழமையாக இருந்து, 1972-இல் புதன்கிழமைக்கு மாறியது. 2008-இல் தொடக்கப் பள்ளிகளுக்குச் சனிக்கிழமை காலை வகுப்பை எடுத்துவிட்டார்கள். புதனும் இல்லை, சனியும் இல்லை என்றாகி வாரம் நான்கு நாளுக்குச் சுருங்கியது. வாரத்துக்கு 24 மணி நேரம், வருஷத்துக்கு 36 வாரம், ஆக 144 நாட்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பாடம். இரண்டே வருஷத்தில், 2010-இல், அந்த நாட்டு மருத்துவ அகாதமி இந்த ஏற்பாடு பிள்ளைகளின் உடல் தாளத்துக்கு ஆகாது என்று அறிக்கை விட்டது. 2013-இல் வின்சென்ட் பெய்யோன் கல்வி அமைச்சராக இருந்தபோது, அதே 24 மணியை நான்கரை நாளுக்குப் பரப்பிப் புதன்கிழமை காலையை மறுபடி வகுப்பாக்கினார்கள். உடனே ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், ஊராட்சிகள் செலவைக் காட்டி முணுமுணுத்தன. 2017-இல் வந்த அரசு ‘உங்கள் விருப்பம்’ என்று விட்டதும், பெரும்பாலான ஊர்கள் நான்கு நாளுக்கே திரும்பின.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். மருத்துவர்கள் பிள்ளைக்கு ஆகாது என்று சொன்னதை ஊர் கேட்கவில்லை. பெரியவர்களின் வசதி வென்றது. ஒரு முறை வாரத்தைச் சுருக்கிவிட்டால் திரும்ப நீட்டுவது மகா கஷ்டம். இன்னொன்று, அவர்களுக்கு ஏறக்குறைய ஏழு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு வார விடுமுறை உண்டு. வருஷத்தின் அமைப்பே வேறு. அதிலிருந்து வாரத்தை மட்டும் பிய்த்து எடுத்து வந்து இங்கே ஒட்ட முடியாது.

அமெரிக்கக் கதை வேறு திசை. அங்கே நான்கு நாள் பள்ளி பரவியது 1970-களின் எண்ணெய் நெருக்கடியில்தான். பரந்து கிடக்கும் கிராமப்புற மாவட்டங்கள், பிள்ளைகளை அள்ளிவர மைல் கணக்கில் ஓடும் மஞ்சள் பஸ்கள், குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவு. ஒரு நாள் மூடினால் டீசலும் மிச்சம், ஹீட்டர் செலவும் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில், நூற்றுக்கணக்கான கல்வி மாவட்டங்களில் இந்த முறை இருக்கிறது. எதிர்பார்த்த அளவுக்குச் சேமிப்பு வந்ததா என்றால் இல்லை. 2011-இல் மாநிலங்களின் கல்வி ஆணையம் கணக்கெடுத்தபோது, மொத்தச் செலவில் அதிகபட்சமாக 5.43 சதவீதம்தான் மிச்சம் பிடிக்க முடியும், நடைமுறையில் கிடைத்தது 0.4 முதல் 2.5 சதவீதம்தான் என்று தெரிந்தது. சம்பளம்தானே பெரிய செலவு, அது குறையாதே. பிற்பாடு காரணம் மாறியது. மிசௌரி போன்ற இடங்களில் ஆசிரியர் கிடைப்பதில்லை, வெள்ளியோ திங்களோ லீவு என்று சொன்னால்தான் விண்ணப்பமே வருகிறது. அந்த மாநிலத்தில் 14,000 மாணவர்கள் வரை படிக்கும் இண்டிபெண்டன்ஸ் நகரக் கல்வி மாவட்டமே 2023-இல் நான்கு நாளுக்குப் போனது.

இந்தக் காரணங்களில் ஒன்றாவது கடலூருக்குப் பொருந்துகிறதா, பாருங்கள். ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை பாஸ் காட்டி ஏறுவது டவுன் பஸ்ஸில், அது பள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். ஆசிரியர் பஞ்சமோ நேர் எதிர். தகுதித் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட்டுப் பணி நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். நோய் வேறு, மருந்தை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

படிப்பின் நிலை என்ன என்று கேட்பீர்கள். கொலராடோ மாநிலத்தை வைத்து 2015-இல் வந்த ஓர் ஆய்வு, நான்கு நாளுக்கு மாறிய பள்ளிகளில் கணக்கு மதிப்பெண் கூடியது என்றது. ஆதரிப்பவர்கள் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். அப்புறம் ஒரேகானில் பால் தாம்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஆய்வுகளும், ராண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் 2021 அறிக்கையும் வேறு மாதிரிச் சொல்கின்றன: பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த முறை பிடித்திருக்கிறது, ஆனால் படிப்பின் முன்னேற்றம் ஐந்து நாள் பள்ளியைவிட மெதுவாகிறது, பாட நேரத்தை வெட்டிய இடங்களில் அடி பலமாக விழுகிறது. பிடித்திருக்கிறது என்பதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை நிம்மதியாக இருந்தால் அதுவும் ஒரு பலன்தான்.

உங்கள் மச்சான் ஊருக்கு வருகிறேன். ஷார்ஜாவில் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்கே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை என்றாக்கினார்கள், பள்ளி அதோடு சேர்ந்து போனது. முதலில் பெரியவர்களின் வாரம் சுருங்கியது. நம் பக்கம் யாருடைய வாரம் சுருங்கியிருக்கிறது? சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கா, பாண்டி ஜவுளிக்கடையில் நிற்கும் அக்காவுக்கா? அந்த ஐந்தாவது நாள் அவர்கள் வீட்டுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

என் பதிலின் சாரமே இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் பள்ளி என்றால் பாடம் மட்டும் இல்லை. சாப்பாடு, பாதுகாப்பு, வேலைக்கு அனுப்பாமல் இருக்க வீட்டுக்கு ஒரு காரணம், எல்லாமே அதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின்போது, 1930-லேயே பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார், 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. சத்துணவின் விதிப்படி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450-ம் 12-ம். தமிழ்நாட்டில் ஐந்து நாளும் முட்டை உண்டு. வாரம் ஒரு நாள் பள்ளி குறைந்தால், 40 வாரம் என்று வைத்தாலும் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 40 மதியச் சாப்பாடு, 40 முட்டை, சின்ன வகுப்பென்றால் அதோடு 40 காலைச் சாப்பாடும் போய்விடும்.

திங்கட்கிழமை மதியம் சத்துணவுக்கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தட்டை நீட்டும் கைகள் வெள்ளிக்கிழமையைவிடத் திங்கட்கிழமைதான் அதிகம். எங்கள் பள்ளி சத்துணவு அமைப்பாளர் அம்மா யாரும் சொல்லாமலே திங்களன்று ஒரு படி கூடுதலாக உலையில் போடுவார்.

அடுத்தது முந்திரி. பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரி உடைப்பது பல வீடுகளில் திண்ணையிலேயே நடக்கிற வேலை. கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம், அபாயகரமான தொழில் மட்டும் கூடாது என்று எழுதினார்கள். எந்த வீட்டுக்குள் எந்த வேலை நடக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நாள்தான் உண்மையான காவல். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு என்றால், மூன்றாவது நாள் அவன் கிரிக்கெட் மட்டையோடு சில்வர் பீச்சுக்குப் போவான் என்று நான் நம்பவில்லை. பெண் பிள்ளைக்கு வேலை தேடியே போக வேண்டாம், தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் வீட்டிலேயே இருக்கின்றன.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பகுதிக்குச் சுருங்கிய வாரம் புதிதே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரத்துக்கு நான்கு நாள், மூன்று நாள் என்று பள்ளி நடப்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். அந்த ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணை கரை தாண்டிக் கடலூருக்குள் வந்தது. அப்போதெல்லாம் பள்ளிக்கூடமே முகாமாகிவிடும், பெஞ்சில் மக்கள் படுத்திருப்பார்கள். தண்ணீர் வடிந்து பள்ளி திறந்த பிறகு என்ன நடக்கும்? போன பாடம் மறந்திருக்கும், வர வேண்டிய பாடம் பாக்கியிருக்கும், அரையாண்டுத் தேர்வு வாசலில் நிற்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளை தாக்குப்பிடித்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்த ஒன்றரை மாதத்தில் பின்தங்கியதை மார்ச் வரை பிடிக்க முடியாது. கொரோனாவில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில், நமக்குப் பக்கத்து மரக்காணம் பகுதியில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார்கள். பள்ளி நேரம் குறைந்தால் யாருக்குக் குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் லேப்டாப்பும் டியூஷனும் இருந்த பிள்ளைக்குப் பெரிதாக எதுவும் குறையவில்லை.

சரி, உங்கள் சனிக்கிழமை. உங்கள் பக்கம் நியாயம் இருப்பது இதில்தான். ஜப்பானில் 1992-இல் மாதத்துக்கு ஒரு சனி, 1995-இல் இரண்டு சனி என்று படிப்படியாக விட்டு, 2002-இல்தான் முழு ஐந்து நாள் வாரத்துக்கு வந்தார்கள். தென்கொரியாவில் 2012. படிப்பில் வெறிபிடித்த நாடுகள் என்று நாம் சொல்லும் நாடுகளே சனிக்கிழமையை விட்டுக்கொடுத்திருக்கின்றன. (ஜப்பானில் பிற்பாடு தேர்ச்சி சரிகிறது என்ற பயம் வந்து, 2013-இல் விரும்பும் பள்ளிகள் சனிக்கிழமை வகுப்பு வைக்க வழிவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை.) நம் தனியார் பள்ளிகள் பலவற்றில் எட்டாம் வகுப்புக்கே சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதற்குச் சட்டமும் காரணமில்லை, பாடத்திட்டமும் காரணமில்லை. பக்கத்துப் பள்ளி வைக்கிறது, அதனால் இவர்களும் வைக்கிறார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.-க்கு மாறியதிலிருந்து இந்தப் போட்டி இன்னும் கொஞ்சம் சூடாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் நாள் கணக்கு எட்டாம் வகுப்போடு முடிகிறது. வாரத்தைச் சுருக்கச் சட்டம் இடம் கொடுப்பது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாளை லேப், தொழிற்பயிற்சி, நூலகம், தானாகப் படிப்பது என்று விட்டால் நான் எதிர்க்க மாட்டேன், வரவேற்பேன். ஆனால் அந்த வகுப்புகளுக்குத்தான் காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு வரை ஸ்டடி வைக்கிறோம்.

என் கையில் விட்டால் இப்படிச் செய்வேன். ஐந்து நாள் பள்ளி இருக்கட்டும், எட்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் சனிக்கிழமை வகுப்பு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லலாம். ஐந்து நாளில் ஒரு நாள், புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் புத்தகம் கிடையாது. விளையாட்டு, பாட்டு, தோட்டம், கைவேலை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரை பத்து நாள் பையில்லா நாட்களைப் பற்றிப் பேசுகிறது. அதை ஒரே மூச்சில் பத்து நாளாகக் கொண்டாடி முடிப்பதைவிட வாரா வாரம் அரை நாள் விடுவது நல்லது. அந்த நேரத்தில் பாதி ஆசிரியர்கள் பாடத் தயாரிப்பில் உட்காரலாம். ஆசிரியரின் வாரம் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து 45 மணி என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, தயாரிப்புக்கென்று டைம்டேபிளில் இடம் ஒதுக்கிய பள்ளியை நான் அதிகம் பார்த்ததில்லை. தயாரிப்பு நேரம் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் போடுவேன்.

கடலூர், புதுச்சேரி பகுதிக்கு மட்டும், ஜூன் மாதம் நாட்காட்டி போடும்போதே மழைக்கென்று பத்து நாளை ஒதுக்கிவிட வேண்டும். அந்த நாட்கள் போகும் என்று தெரிந்தே பாடத்தைப் பிரித்தால், பிறகு சனிக்கிழமைகளைப் பிடுங்க வேண்டியதில்லை. புயல் வராத வருஷம் அந்தப் பத்து நாள் திருப்புதலுக்கு ஆகும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ‘நான்கு நாள் வாரம்’ என்று ஆரம்பிக்காதீர்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சனிக்கிழமை வகுப்பில் புதுப் பாடம் நடக்கிறதா, இல்லை டெஸ்ட் மட்டும் வைக்கிறார்களா என்று கேளுங்கள். டெஸ்ட் மட்டும் என்றால் அதை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மாற்றச் சொல்லுங்கள். புதுப் பாடம் என்றால் ஐந்து நாளில் ஏன் முடியவில்லை என்று டைம்டேபிளை வாங்கிப் பாருங்கள், ஆண்டு விழா ஒத்திகைக்கும் ஒலிம்பியாடு கோச்சிங்குக்கும் எத்தனை பீரியட் போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் ‘உங்கள் பெண் கணக்கில் கொஞ்சம் வீக்’ என்று பேச்சு திரும்பிவிடும். அக்டோபருக்கு முன்னால் போவது முக்கியம். நான்கு நாள் மழை லீவு விட்ட பிறகு கேட்டால், சனிக்கிழமை இல்லாமல் எப்படி சார் முடிப்பது என்று அவர்கள் தயாராக இருப்பார்கள்.